நாய்க்குத் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று: காரணத்தைக் கண்டறிந்து கையாளும் முறை

நாய் அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிக்கிறது. அதில் லேசாக இரத்தமும் தெரிகிறது. மருத்துவர் சில நாட்களுக்கு மாத்திரை எழுதித் தருகிறார், இரண்டே நாளில் நாய் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது, ஒன்றிரண்டு மாதங்கள் கழித்து அதே தொல்லை மறுபடியும் தலைகாட்டுகிறது. மூன்றாவது முறை இப்படி நேரும்போது பல வீடுகளில் பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே மருந்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போவதற்கு முன், தொற்று ஏன் திரும்புகிறது என்பதைக் கால்நடை மருத்துவரோடு சேர்ந்து படிப்படியாகத் தேடுவது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் தொற்றையும் அடிக்கடி திரும்பும் தொற்றையும் மருத்துவர்கள் ஒரே விதமாகக் கருதுவதில்லை. வளர்ப்புப் பிராணிகளின் தொற்றுநோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கடந்த 12 மாதங்களில் 3 முறையோ அதற்கு மேலோ, அல்லது கடந்த 6 மாதங்களில் 2 முறையோ அதற்கு மேலோ சிறுநீர்ப்பையில் பாக்டீரியாத் தொற்று வந்திருந்தால் அது மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்ற வகையில் சேரும். உங்கள் நாய் இந்த எல்லைக்குள் வந்துவிட்டால், இன்னொரு மாத்திரைப் பட்டைக்கு முன் பரிசோதனை தேவை. உடல்நலம் நன்றாக உள்ள நாயின் சிறுநீர்ப்பை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் திறன் உடையது. சிறுநீர் வேகமாக வெளியேறும்போது கிருமிகளும் அடித்துச் செல்லப்படுகின்றன. செறிவான சிறுநீரில் அவை எளிதில் பெருகுவதில்லை. பையின் உட்சுவர் அவற்றை ஒட்டவிடுவதில்லை. இந்தக் காவலில் எங்கோ ஓட்டை விழுந்தால்தான் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது, அந்த ஓட்டையை அடைக்காமல் கிருமியை மட்டும் கொன்றுகொண்டிருப்பதால் கிருமிக்கு மருந்து பழகிப்போவதுதான் மிச்சம்.

முதலில் உறுதி செய்ய வேண்டியது

சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலே தொற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஊர்ச் சூழலில் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. உண்ணிகள் பரப்பும் பபீசியா நோயில் இரத்தச் சிவப்பணுக்கள் உடைவதால் சிறுநீர் காப்பி நிறத்திலோ கருஞ்சிவப்பாகவோ வரலாம். அந்த நாய்க்குக் காய்ச்சல் இருக்கும், ஈறுகள் வெளுத்திருக்கும், சோர்ந்து படுத்திருக்கும். ஆனால் சிறுநீர் கழிக்க முக்காது. அதற்குச் சிறுநீர்த் தொற்றுக்கான மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் வீணாகும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு ஆபத்து. தெருநாய்களோடு இணைசேர வாய்ப்புள்ள நாய்களில் பிறப்புறுப்பில் வளரும், இனச்சேர்க்கை வழியே பரவும் ஒருவகைப் புற்றுக்கட்டி இந்தியாவில் பரவலாகக் காணப்படுகிறது. அதிலிருந்து கசியும் இரத்தம் சிறுநீரோடு கலந்து வருவதுபோல் தோன்றும். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்குப் பருவகாலத்தில் வரும் இரத்தப்போக்கு இயல்பானது. ஆனால் பருவம் முடிந்து சில வாரங்களில் அது அதிகம் தண்ணீர் குடித்து, உணவை மறுத்து, பிறப்புறுப்பிலிருந்து சீழ் கசிந்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கக்கூடும். அது அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை.

சிறுநீர்ப்பைத் தொற்றின் அடையாளங்கள் வேறு. நாய் அடிக்கடி வெளியே போக வேண்டும் என்று கேட்கும். போனால் கொஞ்சமாகத்தான் கழிக்கும். முக்கும், சில வேளை முனகும். கழித்து முடித்த பின்னும் அதே இடத்தில் குனிந்தபடி நிற்கும். பிறப்புறுப்பை ஓயாமல் நக்கும். வீட்டுக்குள் கழிக்காத நாய் தரையை நனைத்துவிடும். சிறுநீரின் வாடையும் நிறமும் மாறும். இவற்றோடு காய்ச்சல், வாந்தி, முதுகைத் தொட்டால் வலி ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். தூங்கும்போது தன்னையறியாமல் சிறுநீர் கசிந்து படுக்கை நனைவது வேறு சிக்கல். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு நிலை மட்டும் காத்திருக்க இடம் தராது. நாய் திரும்பத் திரும்ப முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால், குறிப்பாக ஆண் நாயாக இருந்தால், சிறுநீர்ப்பாதையில் கல் அடைத்திருக்கக்கூடும். சிறுநீர் முழுவதும் அடைபட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாட்களில் உயிர் போகும் நிலை வரலாம். அது நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவரைத் தேடிப் போங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சில விவரங்களை எழுதி வைத்துக்கொள்வது பெரிதும் உதவும். முந்தைய ஒவ்வொரு முறையும் அறிகுறி தொடங்கிய தேதி, கொடுத்த மருந்தின் பெயரும் அளவும், எத்தனை நாள் கொடுத்தீர்கள், எத்தனை வேளை விட்டுப்போயிற்று, மருந்து நிறுத்திய பின் எத்தனை நாள் நன்றாக இருந்தது என்பவை அவை. நாய் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மீதியைக் கழித்தால் போதும். இயல்பாக ஒரு நாய் தன் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரை குடிக்கும். கோடையில் கொஞ்சம் கூடலாம். ஆனால் 10 கிலோ நாய் நாள்தோறும் ஒரு லிட்டரைத் தாண்டிக் குடித்தால், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்துபோகும் குஷிங் நோய் ஆகியவற்றுள் ஒன்று பின்னணியில் இருக்கக்கூடும் என்பதால் அந்த எண்ணை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

சிறுநீர் மாதிரி: பாதி நோயறிதல் இதில்தான் இருக்கிறது

திரும்பத் திரும்ப வரும் தொற்றில், சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை இல்லாமல் மருந்து தொடங்குவது இருட்டில் கல்லெறிவது போன்றது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற இரண்டையும் சொல்வது அதுதான். ஆன்டிபயாடிக் கொடுக்கத் தொடங்கும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும். இரண்டு வேளை மாத்திரை உள்ளே போன பின் எடுத்தால்கூட கிருமி வளராமல் போய், ஒன்றுமில்லை என்று தவறான அறிக்கை வரக்கூடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். நாயின் நிலையைப் பார்த்து, சில நாள் இடைவெளி விட்டு எடுக்கலாமா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார்.

கல்ச்சருக்கு மிகச் சிறந்த மாதிரி, மெல்லிய ஊசியை வயிற்றின் வழியே செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுப்பது. கேட்கும்போது அச்சமாக இருந்தாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுத்தால் இன்னும் பாதுகாப்பு. பெரும்பாலான நாய்கள் இதைத் தடுப்பூசியைப் போலவே பொறுத்துக்கொள்கின்றன. இதற்குச் சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே மருத்துவமனை வாசலில் உள்ள ஒவ்வொரு மரத்தடியிலும் நாய் காலைத் தூக்கிவிடாமல் பிடித்துக்கொள்வது உங்கள் வேலை. சிறுநீர்ப்பையில் கட்டி இருக்கலாம் என்ற ஐயம் உள்ள வயதான நாய்க்கு மட்டும் இந்த முறையைத் தவிர்ப்பார்கள். ஊசி போன வழியில் கட்டியின் செல்கள் பரவ வாய்ப்புண்டு.

வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைக்கு வீட்டிலேயே மாதிரி பிடிக்கலாம். காலையில் முதல்முறை கழிக்கும் சிறுநீரே செறிவு மிக்கது. நீண்ட கைப்பிடியுள்ள சுத்தமான கரண்டியை வைத்துக்கொண்டு, நாய் கழிக்கத் தொடங்கிய ஓரிரு நொடிக்குப் பின் அதை நீட்டி, நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து, மருந்துக் கடையில் கிடைக்கும் மூடியுள்ள கண்டெய்னரில் ஊற்றுங்கள். தரையில் கிடந்ததைச் சிரிஞ்சால் உறிஞ்சிக் கொண்டுபோனால், அதில் வளர்வது நாயின் கிருமியா தரையின் கிருமியா என்று சொல்ல முடியாது. பிடித்த மாதிரியை அரை மணி நேரத்துக்குள் பரிசோதிப்பதே நல்லது. முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் கிருமிகள் தாமாகவே பெருகும், படிகங்கள் உருவாகும், அறிக்கை திரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையிலோ பண்டிகை நாளிலோ மாதிரி எடுக்கும்படி ஆகிவிட்டால், ஆய்வகம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மனிதர்களுக்குப் பயன்படும் வண்ணக் கட்டப் பட்டையைச் சிறுநீரில் தோய்த்துப் பார்த்துவிட்டு, வெள்ளணு இல்லை, நைட்ரைட் இல்லை, ஆகவே தொற்றில்லை என்று முடிவு செய்யும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் பட்டையில் சர்க்கரை, இரத்தம், புரதம் ஆகிய கட்டங்கள் நாய்களுக்கும் பயன்படும். ஆனால் வெள்ளணுவையும் நைட்ரைட்டையும் காட்டும் கட்டங்களை நாய்களில் நம்ப முடியாது. சிறுநீரைச் சுழற்றி, அடியில் படிவதை நுண்ணோக்கியில் பார்த்தே வெள்ளணுவையும் கிருமியையும் சொல்ல வேண்டும். சிறுநீரின் அடர்த்தியையும் பட்டையில் பார்க்காமல் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் பார்க்க வேண்டும்.

கல்ச்சர் வசதி எல்லாச் சிற்றூர்க் கிளினிக்குகளிலும் இருக்காது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் மருத்துவர் அங்கே பரிந்துரைக் கடிதம் தரலாம், அல்லது மாதிரியை மட்டும் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம்.

அறிக்கைகளை அருகருகே வைத்துப் படிப்பது

ஒரு கல்ச்சர் அறிக்கையால் இன்றைய மருந்தை முடிவு செய்யலாம். இரண்டு மூன்று அறிக்கைகளை அருகருகே வைத்தால்தான் நோயின் போக்கு தெரியும். ஆகவே ஒவ்வொன்றையும் கோப்பில் சேர்த்து வையுங்கள்.

ஈ. கோலை என்ற கிருமிதான் நாய்களின் சிறுநீர்த் தொற்றில் மிகுதியாகக் காணப்படுவது. ஸ்டேஃபிலோகாக்கஸ், புரோட்டியஸ், கிளெப்சியெல்லா, என்டிரோகாக்கஸ் ஆகியவையும் வரும். மருந்து நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ, முன்பு வந்த அதே கிருமி, அதே மருந்து எதிர்ப்புத் தன்மையோடு திரும்பி வந்தால், அது உடலை விட்டுப் போகவே இல்லை என்று கொள்ளலாம். கல்லுக்குள்ளோ, ஆண் நாயின் சிறுநீர்ப்பையை ஒட்டியுள்ள புரோஸ்டேட் சுரப்பியிலோ, சிறுநீரகத்திலோ, தடித்துப்போன சிறுநீர்ப்பைச் சுவரிலோ அது ஒளிந்திருக்கும். அல்லது மருந்தின் அளவு போதாமல் இருந்திருக்கும், வேளைகள் விட்டுப்போயிருக்கும். மாறாக, ஒருமுறை ஈ. கோலையும் மூன்று மாதம் கழித்து என்டிரோகாக்கஸும் வந்தால், ஒவ்வொரு முறையும் புதிய கிருமி வெளியிலிருந்து ஏறுகிறது என்று பொருள். அப்போது கிருமிக்கு வழி விடுவது எது என்று தேட வேண்டும். மருந்து நடந்துகொண்டிருக்கும்போதே கிருமி குறையவில்லை என்றால் தேர்ந்தெடுத்த மருந்து பொருந்தவில்லை என்று கொள்ள வேண்டும்.

எங்கே தேடுவது

பெட்டை நாயிடமிருந்து தொடங்கலாம், ஏனெனில் அதன் சிறுநீர் வெளியேறும் பாதை குட்டையாகவும் மலவாய்க்கு அருகிலும் இருப்பதால் தொற்று அதற்கே மிகுதி. பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தோல் மடிப்பு உள்வாங்கி, அதை மூடியபடி இருக்கிறதா என்று பாருங்கள். கொழுத்த லேப்ரடார்களிலும் பக்குகளிலும் இது கண்ணுக்கே தெரியும். அந்த மடிப்பில் சிறுநீர் தேங்கி, ஈரமும் வெப்பமும் சேர்ந்து, கிருமிகள் வளரும் இடமாகிவிடுகிறது. கருத்தடை அறுவைக்குப் பின் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, சிறுநீரை அடக்கும் தசை தளர்ந்து, தூக்கத்தில் கசிவது சில பெட்டை நாய்களுக்கு நேர்கிறது. இதற்கு மருந்துகள் உண்டு. கசிவு நின்றாலே தொற்றும் நின்றுபோகும் நாய்களும் உண்டு. குட்டிப் பருவத்திலிருந்தே எப்போதும் ஈரமாக இருக்கும் பெட்டைக் குட்டிக்கு, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் சேராமல் வேறிடத்தில் திறக்கும் பிறவிக் கோளாறு இருக்கலாம். லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், சைபீரியன் ஹஸ்கி ஆகிய இனங்களில் இதை நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கருத்தடை செய்யாத ஆண் நாய்க்குச் சிறுநீரில் கிருமி இருந்தால், அது வெறும் சிறுநீர்ப்பைத் தொற்று என்று எளிதில் ஒப்புக்கொள்ளாதீர்கள். புரோஸ்டேட் சுரப்பியில் தொற்று பதுங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். வழக்கமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் அந்தச் சுரப்பிக்குள் சரியாக ஊடுருவாது. ஊடுருவும் மருந்தை ஏறத்தாழ 4 வாரம் கொடுக்க நேரும். கருத்தடை செய்தால் சுரப்பி சுருங்கித் தொல்லை குறையும். ஆண் நாய்க்கு ஐந்து நாள் மாத்திரை கொடுத்து, அடங்கி, திரும்ப வருகிற பல கதைகளுக்குப் பின்னால் இந்தச் சுரப்பிதான் இருக்கிறது.

கல் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயும் ஸ்கேனும் சேர்ந்து சொல்லும். ஸ்ட்ரூவைட், கால்சியம் ஆக்ஸலேட் கற்கள் எக்ஸ்ரேயில் தெரியும். டால்மேஷன் இனத்துக்கு வரும் யூரேட் கற்கள் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில்தான் பிடிபடும். நாய்களில் ஸ்ட்ரூவைட் கல் பெரும்பாலும் தொற்றின் விளைவு. ஸ்டேஃபிலோகாக்கஸ், புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரத்தன்மை உடையதாக்குவதால் அந்தக் கல் படிகிறது. படிந்த கல் தன் அடுக்குகளுக்குள் அதே கிருமியை வைத்துக்கொண்டு மறுபடியும் தொற்றைத் தூண்டுகிறது. இதற்கென்றே தயாரிக்கப்படும் மருத்துவ உணவாலும் ஆன்டிபயாடிக்காலும் இந்தக் கல்லை அறுவை இல்லாமலே கரைக்கலாம். ஆனால் கரையக் கரைய உள்ளிருக்கும் கிருமி வெளிவரும் என்பதால், மருந்தை எப்போது நிறுத்துவது என்பது மருத்துவர் கையில் இருக்க வேண்டும். கால்சியம் ஆக்ஸலேட் கல் எந்த உணவாலும் கரையாது. வாழைத்தண்டுச் சாறு கொடுத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. நாய்க்கு எந்த வகைக் கல் என்று தெரியாமல் அதைக் கொடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பது, அடைப்பு வரும் வரை காத்திருப்பதாக முடியலாம்.

உடலின் மற்ற நோய்களையும் விட்டுவிடக் கூடாது. இரத்தச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றை ஒரே இரத்த மாதிரியில் பார்த்துவிடலாம். அதிகம் தண்ணீர் குடித்து, வயிறு தொங்கி, முடி உதிர்ந்து வரும் நடுவயது நாய்க்குக் குஷிங் நோய்க்கான சோதனை தேவைப்படும். தோல் அரிப்புக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்குச் சிறுநீரில் கிருமி சேர்வது மிகவும் சாதாரணம். அந்த மாத்திரையைக் கொடுப்பவர் தோல் மருத்துவர், சிறுநீரைப் பார்ப்பவர் வேறொருவர் என்று இருந்தால் இந்தத் தொடர்பு யார் கண்ணிலும் படாமல் போகும். இருவருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஸ்டீராய்டை நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்ஸ்ஹண்டு போன்ற நீண்ட முதுகு கொண்ட நாய்க்குத் தண்டுவட நரம்பு நசுங்கினால் சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாது. தேங்கும் சிறுநீரில் தொற்று வளரும். பத்து வயதைக் கடந்த நாய்க்கு மருந்து கேட்காத இரத்தச் சிறுநீர் என்றால் சிறுநீர்ப்பைக் கட்டியையும் நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மருந்து கொடுக்கும் முறை

கல்ச்சர் அறிக்கை வர மூன்று நாட்கள் வரை ஆகும். நாய் வலியில் துடித்தால் அதுவரை வலிக்கு மருந்து கொடுத்துக் காக்கலாம், அல்லது ஒரு மருந்தைத் தொடங்கி, அறிக்கை வந்ததும் மாற்றலாம். வலி மாத்திரையை மருத்துவர்தான் எழுத வேண்டும்; வீட்டில் இருக்கும் ஐபுபுரோஃபென் நாய்க்கு நஞ்சு, பாராசிட்டமாலும் அளவு தப்பினால் ஈரலைக் கெடுக்கும்.

எத்தனை நாள் கொடுப்பது என்பதில் கருத்து மாறியிருக்கிறது. முன்பெல்லாம் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று எழுதுவார்கள். இப்போதைய வழிகாட்டுதல் எளிய தொற்றுக்கு 3 முதல் 5 நாட்களே போதும் என்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய கிருமியாக வந்தால் அதே குறுகிய காலம். பதுங்கியிருந்து திரும்பும் தொற்றுக்கு 7 முதல் 14 நாட்கள். சிறுநீரகத் தொற்றுக்கு 10 முதல் 14 நாட்கள். உங்கள் மருத்துவர் குறைந்த நாட்களுக்கு எழுதினால் அவர் அசட்டையாக இருக்கிறார் என்று எண்ண வேண்டாம். அதே சமயம், அவர் சொன்ன நாட்களுக்கு முன் நிறுத்தவும் வேண்டாம்.

மருந்தை இருவேளை என்றால் ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளியில் கொடுங்கள். முடிந்தால் நாய் வெளியே போய்வந்த பின் கொடுத்தால், மருந்து கலந்த சிறுநீர் பையில் அதிக நேரம் தங்கும். இரவு வேளை மருந்துக்கு இது மிகவும் பொருந்தும். 48 மணி நேரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் மாத்திரை முடியும் வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். சல்ஃபா வகை மருந்து கொடுக்கும்போது கண்கள் வறண்டு பீளை சேர்ந்தால், அல்லது நாய் நொண்டினால், உடனே சொல்லுங்கள். டாபர்மேன் இனத்துக்கு இந்த மருந்து ஒவ்வாமல் போவது அறியப்பட்ட ஒன்று. என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் வளரும் குட்டிகளின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கக்கூடியது. அது கைவசம் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டிய மருந்து. முன்பு மிச்சமான மாத்திரையை இம்முறை பாதி அளவில் கொடுத்துப் பார்ப்பது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகும்.

மருந்து முடிந்து 5 முதல் 7 நாட்கள் கழித்து இன்னொரு கல்ச்சர் செய்து பார்ப்பது, திரும்பும் தொற்று உள்ள நாய்க்குப் பயனுள்ளது. அதில் கிருமி வளர்ந்தது என்றாலும், நாய்க்கு அறிகுறி எதுவும் இல்லை என்றால் உடனே மருந்து தொடங்க வேண்டியதில்லை. சில நாய்களின் சிறுநீரில் கிருமி சும்மா குடியிருக்கும், தொல்லை தராது. நீரிழிவு உள்ளவை, குஷிங் நோய் உள்ளவை, பின்கால் செயலிழந்தவை ஆகியவற்றில் இது அதிகம். அறிக்கையைக் குணப்படுத்துவதற்காக மருந்து கொடுத்தால், போகும் கிருமியின் இடத்துக்கு மருந்துக்கு அடங்காத கிருமி வந்து சேரும். பணம் கொடுத்துச் சோதனை செய்த பிறகு மருந்து வேண்டாம் என்றால் வீட்டில் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஆயினும் மருத்துவர் அப்படிச் சொன்னால் அவர் சொல்வதே சரி.

வீட்டில் செய்யக்கூடியவை

வீட்டில் செய்யும் வேலைகளில் மிகவும் பயன் தருவது, நாயை அடிக்கடி வெளியே அழைத்துச் செல்வதுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் காலையும் மாலையும் மட்டும் லிஃப்டில் இறக்கிக்கொண்டு போகும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் அடக்கிவைக்கும் நாய்க்கு, கிருமியைக் கழுவித் தள்ளும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. மதியம் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை என்று இரண்டைச் சேர்த்தாலே வித்தியாசம் தெரியும். வேலைக்குப் போகிறவர்கள் மதியத்துக்குக் காவலாளியையோ பக்கத்து வீட்டாரையோ உதவி கேட்கலாம், அல்லது பால்கனியில் கழிக்கப் பழக்கலாம். ஆண் நாய் ஒவ்வொரு கம்பத்திலும் சிறிது சிறிதாகக் கழிப்பதால் அதற்குச் சற்று நீண்ட நடை வேண்டும், இல்லாவிட்டால் பை காலியாகாது.

தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு மூன்று இடங்களில் வைத்து, நாளுக்கு இருமுறை மாற்றுங்கள். கடைகளில் வாங்கும் உலர் உணவில் ஈரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தாலோ, வீட்டில் வேகவைத்த கோழியின் உப்பில்லாத சாறு சேர்த்தாலோ நாய் குடிக்கும் மொத்த நீர் கூடும். அந்தச் சாற்றில் வெங்காயமும் பூண்டும் சேரக் கூடாது. அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நீர்த்த மோர் ஒத்துக்கொள்ளும் நாய்க்கு அதையும் கொடுக்கலாம். தண்ணீர் குடிக்க உப்பைக் கூட்டிக் கொடுக்கும் யோசனையை மட்டும் ஏற்க வேண்டாம், இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்ட நாய்க்கு அது கெடுதல்.

கிரான்பெர்ரி மாத்திரை, டி மேனோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரைத் தூள், ஆப்பிள் சைடர் வினிகர் ஆகியவை இணையத்தில் நிறைய விற்கின்றன. கிரான்பெர்ரியைப் பற்றி நாய்களில் கிடைத்துள்ள சான்றுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. டி மேனோஸ் நாய்க்குப் பயன்படும் என்று உறுதியாகச் சொல்லும் சான்று இல்லை. வினிகர் சிறுநீர்த் தொற்றைப் போக்காது. மருத்துவர் ஒப்புக்கொண்டால் கிரான்பெர்ரியைக் கூடுதலாகக் கொடுப்பதில் பெரிய தீங்கில்லை, ஆனால் அந்தப் பணத்தைக் கல்ச்சருக்குச் செலவிடுவதே மேல். பார்லிக் கஞ்சியும் கொத்தமல்லித் தண்ணீரும் நீர்ச்சத்தைத் தருமே ஒழிய மருந்தாகா. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை என்பதால், கிரான்பெர்ரிக்குப் பதிலாக ஏதோ ஒரு பழம் என்று அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிறப்புறுப்பு மடிப்பு உள்ள பெட்டை நாய்க்கு, ஒவ்வொரு முறை கழித்து வந்ததும் வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். டெட்டால் போன்றவற்றைக் கலக்க வேண்டாம், அந்தத் தோலை அவை புண்ணாக்கும். நீண்ட முடி உள்ள நாய்க்கு அவ்விடத்து முடியைக் கத்தரித்துவிடுவது நல்லது. எடை கூடிய நாய் எடை குறைந்தால் மடிப்பும் குறையும். பல மாதம் முயன்றும் தொற்று நிற்கவில்லை என்றால், மடிப்பை நீக்கும் அறுவை செய்துகொள்ளலாம். சரியாகத் தேர்ந்தெடுத்த நாய்களில் இது மிக நல்ல பலன் தருகிறது. நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்துவிட்டால் கையுறை அணிந்து துடைத்து, பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலிக்காய்ச்சலான லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கும் பரவும் என்பதால், மழைக்காலத்தில் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

காரணத்தை முழுவதும் நீக்க முடியாத நாய்களும் இருக்கின்றன. விபத்தில் தண்டுவடம் அடிபட்டுப் பின்கால்கள் செயலிழந்த நாய்க்கு, சிறுநீர்ப்பையை நாளுக்கு மூன்று நான்கு முறை கையால் மெல்ல அழுத்திக் காலி செய்ய வேண்டியிருக்கும். இரு பக்கத்திலிருந்தும் வயிற்றை உள்ளங்கையால் அணைத்து, விரல்நுனியால் குத்தாமல், சீராக அழுத்தும் இந்த முறையை மருத்துவரோ உதவியாளரோ அருகிலிருந்து சொல்லித்தர, அவர்கள் முன்னிலையில் நீங்கள் சிலமுறை செய்து பழக வேண்டும். அந்த நாயின் கல்ச்சரில் பெரும்பாலும் ஏதாவது கிருமி வளரும். அதற்காக எப்போதும் மருந்து கொடுக்க வேண்டியதில்லை; காய்ச்சல், சாப்பிட மறுத்தல், சிறுநீரில் புதிதாக இரத்தம், கசிவின் வாடையில் திடீர் மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று வந்தால் மட்டும் மாதிரி எடுத்து, அப்போது வளரும் கிருமிக்கு ஏற்ற மருந்தைக் கொடுத்தால் போதும்.